ராத்திரியில் வளரும் ஓடு

அக்னி நட்சத்திரம் தொடங்கி நாலாம் நாள். மந்தைவெளி வீட்டு மொட்டைமாடியில் கோழிக்கூண்டுக்குள் கைவிட்டேன். விரலில் பட்டது முட்டைதான், ஆனால் ஓடு இல்லை. ஈரமான தோலுக்குள் மஞ்சள் கரு உருண்டது. எடுத்ததும் உள்ளங்கையில் தொய்ந்தது. அந்த வாரத்தில் மட்டும் மூன்று தோல்முட்டைகள்.

கால்நடை மருத்துவர் விளக்கிய பிறகுதான் புரிந்தது. ஒரு முட்டை உருவாக 24 முதல் 26 மணி நேரம் ஆகிறது. சினைப்பையிலிருந்து விடுபடும் மஞ்சள் கரு முட்டைக்குழாயில் இறங்குகிறது. வெள்ளைக் கரு சேர சுமார் 3 மணி நேரம். இரண்டு சவ்வுகள் போர்த்த ஒன்றேகால் மணி நேரம். பிறகு ஏறக்குறைய 20 மணி நேரம் கருப்பையில் தங்கித்தான் ஓடு வளர்கிறது. என் கையில் தொய்ந்தது சவ்வோடு நின்றுபோன முட்டை.

ஓர் ஓட்டுக்குச் சுமார் 2 கிராம் கால்சியம் வேண்டும். பெரும்பகுதி படிவது ராத்திரியில். தின்ற இரையில் சுண்ணாம்புச்சத்து தீர்ந்துவிட்டால், கோழி தன் எலும்பைக் கரைத்து ஓடு கட்டும். அதுவரை நான் நொய்யும் சோறும் மட்டுமே போட்டுவந்தேன். மனசு மிகவும் வலித்தது.

அதன்பின் நான் கடைப்பிடிப்பவை:

சாயங்காலம் கிளிஞ்சல்: பெசன்ட் நகர் கடற்கரையில் பொறுக்கி, உப்புப் போகக் கழுவிக் காயவைத்து, நொய்யைவிடச் சற்றுப் பெரிதாக உடைத்துத் தனிக் கிண்ணத்தில் வைக்கிறேன். தூளைவிடத் துண்டு மெதுவாகக் கரையும், விடியும்வரை உதவும். “வெத்தல சுண்ணாம்ப மட்டும் வெச்சிடாதம்மா, வாய் வெந்துடும்” என்றார் எதிர்வீட்டு ஆயா. சரியான எச்சரிக்கை.

நிழலும் தண்ணீரும்: கோழிக்கு வியர்க்காது, வாய் பிளந்து இரைக்கும். அப்போது கரியமிலவாயு அதிகமாக வெளியேறுவதால், ஓட்டுக்கான கார்பனேட் குறைந்து ஓடு மெலியும். கூண்டின்மேல் தென்னங்கீற்று போட்டேன். மண்சட்டித் தண்ணீரைப் பகலில் மூன்று முறை மாற்றுகிறேன்.

காலை வெயில்: தின்ற கால்சியம் உடம்பில் சேர வைட்டமின் டி வேண்டும். அது வெயில் பட்டால் உருவாகும் என்பதால் கோழிகளைக் காலையில் திறந்துவிடுகிறேன்.

இத்தனைக்குப் பிறகும் தோல்முட்டை தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். தொற்று நோயும் ஓட்டைக் கெடுக்கும்.

சில வாரங்களில் ஓடு தேறியது. இப்போது விளக்கு வைக்கும் நேரத்தில் கிளிஞ்சல் கிண்ணத்தை நிரப்பாமல் நான் மாடியிலிருந்து இறங்குவதில்லை. கோழிகளின் வேலை அப்புறம்தானே தொடங்குகிறது.