சலவை யந்திரம் நின்றால் என்ன செய்வது? வணிகர்களுக்கு ஒரு பாடம்

சாப்பாட்டுக் கடையானாலும், துணிக் கடையானாலும், முடிதிருத்தும் நிலையமானாலும், இன்று நம்மில் பலருடைய கடையின் பின்புறத்தில் ஒரு சலவை யந்திரம் ஓடிக்கொண்டிருக்கிறது. மேசைத் துணியும் கை துடைக்கும் துண்டும் வேலையாட்களின் உடுப்பும் அதில்தான் வெளுக்கின்றன. அது ஒரு நாள் நின்றால் மறுநாள் கடையில் விரிக்கத் துணி இல்லை. அவசரத்தில் மெக்கானிக்கை அழைக்கிறோம். கேட்ட தொகையைக் கொடுக்கிறோம். அல்லது, “இது இனித் தேறாது” என்ற ஒரே வார்த்தையை நம்பிப் புதிய யந்திரம் வாங்குகிறோம். ஒரு மூட்டை அரிசியைக்கூடக் கையில் அள்ளிப் பார்க்காமல் கொள்முதல் செய்யாத நாம், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு பணம் கொடுப்பது சரியா?

மெக்கானிக்குகள் எல்லோரும் ஏமாற்றுபவர்கள் என்பது நம் கருத்தன்று. உழைப்புக்குக் கூலி கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் எந்தப் பாகம் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்தவர் முறையான கேள்வி கேட்பார். முறையான பதிலையும் பெறுவார். அதற்காகவே இந்தப் பாடம்.

ஐந்து வேலைகள்

விலை எதுவானாலும் சலவை யந்திரம் செய்யும் வேலைகள் ஐந்துதான். முதலாவது, தண்ணீரை உள்ளே எடுப்பது. இரண்டாவது, தண்ணீர் போதிய அளவு வந்ததா என்று பார்ப்பது. மூன்றாவது, துணியைப் புரட்டித் துவைப்பது. நான்காவது, அழுக்கு நீரை வெளியேற்றுவது. ஐந்தாவது, வேகமாகச் சுழற்றிப் பிழிவது. யந்திரம் இவற்றில் எந்த வேலையில் நின்றதோ, பழுதும் பெரும்பாலும் அந்த வேலைக்குரிய பாகத்தில்தான் இருக்கும். ஆகையால், “யந்திரம் ஓடவில்லை” என்று பொதுவாகச் சொல்லாமல், “தண்ணீர் எடுக்கிறது, துவைக்கிறது, ஆனால் நீரை வெளியே விடவில்லை” என்று சொல்லப் பழக வேண்டும். பாதிப் பழுது அந்த ஒரு வாக்கியத்திலேயே வெளிப்பட்டுவிடும்.

தண்ணீர் வரவில்லையானால்

முதலில் குழாய் திறந்திருக்கிறதா, ரப்பர் ஹோஸ் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு குழாயை மூடி, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, யந்திரத்தின் பின்புறம் ஹோஸ் சேரும் இடத்தைத் திருகிக் கழற்றுங்கள். அங்கே விரல் நுனி அளவுக்கு ஒரு சிறு வலை இருக்கும். அதில் மண்ணும் துருவும் அடைத்திருந்தால் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி மீண்டும் மாட்டுங்கள். இதற்குச் செலவு ஒரு காசுமில்லை.

செமினி வட்டாரத்து வணிகர்கள் இந்த வலையை மறக்கவே கூடாது. 2016ஆம் ஆண்டு செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் ஆற்றில் மாசு கலந்ததால் செமினி ஆற்று நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் ஒரு முறைக்கு மேல் மூடப்பட்டது. 2020 செப்டம்பரில் சிலாங்கூர் ஆற்றிலும் அவ்வாறே மாசு கலந்து, கிள்ளான் பள்ளத்தாக்கின் பல பகுதிகள் தண்ணீருக்குத் தவித்தன. நீண்ட தடைக்குப் பின் தண்ணீர் திரும்பும்போது, காலியாகக் கிடந்த குழாய்களின் வண்டலையும் துருவையும் அடித்துக்கொண்டு வருகிறது. அதை நேரே யந்திரத்துக்குள் விட்டால் வலை அடைபடும். உள்ளிருக்கும் வால்வும் கெடும். தண்ணீர்த் தடை நீங்கியதும் முதலில் வேறொரு குழாயைத் திறந்து, தெளிந்த நீர் வரும் வரை ஓடவிட்ட பிறகே யந்திரத்தைத் தொடங்க வேண்டும்.

கூரைத் தொட்டியிலிருந்து நீர் எடுப்போர் உயரத்தையும் கவனிக்க வேண்டும். பத்து மீட்டர் உயரத் தண்ணீர் ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம் தரும். தொட்டி மூன்று மீட்டர் உயரத்தில் இருந்தால் கிடைப்பது 0.3 பார்தான். நீர் மெதுவாக வருவதைக் கண்டு யந்திரம் காத்திருந்து, பிறகு பிழைக் குறி காட்டி நின்றுவிடும். அது யந்திரத்தின் குற்றமன்று.

தண்ணீர் நிற்காமல் வந்தால்

தொட்டியின் அடியிலிருந்து ஒரு மெல்லிய ரப்பர்க் குழாய் மேலே போகும். தண்ணீர் ஏற ஏற அதனுள் இருக்கும் காற்று அழுந்தி, மேலிருக்கும் ஸ்விட்சைத் தள்ளும். உடனே வால்வு மூடிக்கொள்ளும். அந்தக் குழாயில் ஓட்டை விழுந்தால் தண்ணீர் நிறைந்தது யந்திரத்துக்குத் தெரியாது. வழிந்து கடைக்குள் ஓடும். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் தண்ணீர் வந்துகொண்டே இருந்தால் குற்றம் குழாயில் அன்று, வால்வில். இந்த ஒரு சோதனையால் இரண்டையும் பிரித்தறியலாம்.

மோட்டார் முனகினால்

தண்ணீர் நிறைந்து, “உம்” என்ற சத்தம் மட்டும் வந்து, துணி புரளாவிட்டால் பலரும் மோட்டார் எரிந்துவிட்டதாக முடிவு கட்டுகிறார்கள். மேலே திறக்கும் யந்திரங்களில் பல வேளைகளில் பழுது கெப்பாசிட்டர் என்னும் சிறு பாகத்தில் இருக்கும். மோட்டார் புறப்படுவதற்கும் எந்தத் திசையில் சுழல்வது என்பதற்கும் இதுவே துணை. இது வலுவிழந்தால் மோட்டார் முனகும், சுழலாது. புதிய மோட்டார் வேண்டும் என்று மெக்கானிக் சொன்னால், “கெப்பாசிட்டரை மீட்டர் வைத்துப் பார்த்தீர்களா?” என்று கேளுங்கள். மாற்றும்போது மேலே அச்சிட்டிருக்கும் அதே மைக்ரோபாரட் அளவில்தான் வாங்க வேண்டும். வோல்ட் அளவு பழையதற்குக் குறையக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும் என்பதால், இதைத் தொடும் வேலையைத் தெரிந்தவரிடமே விடுங்கள்.

மோட்டார் ஓடும் சத்தம் கேட்டும் துணி மெதுவாகப் புரண்டு, ரப்பர் கருகும் வாசனை வந்தால் பெல்ட் தேய்ந்தோ தளர்ந்தோ இருக்கும். முன்னே திறக்கும் யந்திரங்கள் சிலவற்றில் மோட்டாருக்குள் இருக்கும் கார்பன் கட்டைகள் தேய்ந்து போகும். பெல்ட்டானாலும் கார்பனானாலும் அதை மட்டும் மாற்றலாம்; மோட்டாரை மாற்ற வேண்டியதில்லை.

நீர் வெளியேறாவிட்டால்

வேலையாட்களின் சட்டைப் பையிலிருந்து விழும் காசு, பொத்தான், ஊசி இவையே இங்கு எதிரி. முன்னே திறக்கும் யந்திரத்தின் கீழ்ப்புறம் ஒரு சிறு கதவு இருக்கும். அடியில் தட்டு வைத்து, உள்ளிருக்கும் திருகு மூடியை மெல்லத் திறந்தால் அடைத்த பொருள் கைக்கு வரும். சூடான நீரில் துவைத்திருந்தால் ஆறிய பிறகே திறக்க வேண்டும்.

ஹோஸின் உயரமும் முக்கியம். பம்பு இல்லாமல் வால்வு திறந்து நீரைக் கீழே விடும் யந்திரத்துக்கு ஹோஸ் தரையோடு தாழ்ந்து கிடக்க வேண்டும். தூக்கிக் கட்டினால் நீர் போகாது. பம்பு உள்ள யந்திரத்துக்கோ ஹோஸின் நுனி தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்தில் இருக்க வேண்டும்; தாழ்ந்து கிடந்தால் உள்ளே வரும் நீர் உடனுக்குடன் வடிந்துபோகும். கடையை மாற்றிய பின் யந்திரம் கெட்டதாகச் சொல்லப்படும்போது முதலில் இதைப் பாருங்கள்.

பிழியும்போது குதித்தால்

ஒரே பெரிய மேசைத் துணி ஒரு பக்கமாகச் சுருண்டு கிடந்தால் யந்திரம் குதிக்கும், கலைத்துப் பரப்பிவிடுங்கள். நான்கு கால்களும் தரையில் சமமாகப் பதிந்திருக்கின்றனவா என்று பாருங்கள். புதிதாக வந்த, முன்னே திறக்கும் யந்திரத்தின் பின்புறம் பயணத்துக்காகப் பூட்டிய போல்ட்டுகளைக் கழற்றாமல் ஓட்டவே கூடாது. பத்துக் கிலோ யந்திரம் என்றால் உலர்ந்த துணியின் எடையே கணக்கு. ஈரத் துணியைத் திணித்துவிட்டு யந்திரத்தைக் குறை சொல்வதில் பயனில்லை. சுழலும்போது விமானம் போல இரைச்சல் கேட்டால் பேரிங் தேய்ந்திருக்கலாம். இது உண்மையிலேயே பெரிய வேலை.

உயிருக்கு ஜாக்கிரதை

யந்திரத்தைத் தொட்டால் சுருக்கென்று ஏறினால், உடனே மெயினை அணைத்து, ஒயர்மேனைக் கொண்டு எர்த் இணைப்பைச் சோதியுங்கள். “இலேசாகத்தானே அடிக்கிறது” என்று ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கும் வேலையாளை அதன் அருகே அனுப்புவது பெரும் பாவம். மூன்று முள் பிளக்கில் எர்த் முள்ளை வெட்டக் கூடாது. மின்கசிவில் தானே அணையும் ஸ்விட்சை மாதம் ஒரு முறை சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள்.

2021 டிசம்பரில் உலு லங்காட்டிலும் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவிலும் வெள்ளம் கடைகளுக்குள் புகுந்ததை நாம் மறக்க முடியாது. வெள்ளத்தில் மூழ்கிய யந்திரம் வெளியே உலர்ந்து தெரிந்தாலும் மின்சாரம் கொடுக்கக் கூடாது. சேற்றைக் கழுவி, நன்றாக உலர்த்தி, ஒயர்மேன் மெக்கர் என்னும் கருவியால் மின்காப்பைச் சோதித்த பிறகே ஓட்ட வேண்டும்.

பழுது பார்ப்பதா, புதிது வாங்குவதா?

வலை, ஹோஸ், பெல்ட், கெப்பாசிட்டர், வால்வு, பம்பு ஆகியவை கெட்டால் பழுது பார்ப்பதே சிக்கனம். பேரிங், கியர், மின் பலகை இவை கெட்டு, தொட்டியும் துருப்பிடித்திருந்தால் புதியதன் விலையோடு ஒப்பிட்டுக் கணக்குப் போடுங்கள். எதுவானாலும் வேலைக்கு முன் தொகையைப் பேசிவிடுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். பழைய யந்திரத்தை நாம் பிறருக்கு விற்கும் நாளிலோ, அதன் குறையையும் சொல்லியே விற்க வேண்டும். நமக்குக் கிடைக்க வேண்டுமென்று நாம் விரும்பும் நேர்மையை, நம்மிடம் வாங்குபவருக்கும் கொடுப்பதே வணிகம்.

கடையில் வேலை செய்யும் பிள்ளைகளிடம் கேட்க வேண்டிய கேள்விகள்

1. யந்திரத்தின் ஐந்து வேலைகள் எவை?
2. தண்ணீர்த் தடை நீங்கியதும் முதலில் செய்ய வேண்டியது என்ன?
3. பிளக்கைப் பிடுங்கியும் தண்ணீர் நிற்காவிட்டால் எந்தப் பாகம் பழுது?
4. யந்திரத்தைத் தொட்டால் மின்சாரம் அடிக்கிறது. முதலில் என்ன செய்வாய்?

நான்காவது கேள்விக்கு விடை தெரியாத எவரையும் யந்திரத்தின் அருகே விடாதீர்கள்.