ஓடினது ஏன் மறுபடி கிளம்பலை? (கணினிப் பாடம்)



நம்ம கணினி அறையில் இருப்பது பாஸ் லினக்ஸ். டெபியன் என்ற லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு, சென்னை சிடாக் மையம் 2007-ல் வெளியிட்டது. 2011-ல் தொடங்கிய அரசு விலையில்லா மடிக்கணினிகளிலும் விண்டோஸோடு இது இருந்தது.

சர்வீஸ் என்றால் என்ன?
திரையில் தெரியாமல் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும் வேலையாள்தான் சர்வீஸ். பிரிண்டரைக் கவனிக்கும் சர்வீஸின் பெயர் 'கப்ஸ்'. எல்லா சர்வீஸையும் வேலை வாங்குற மேஸ்திரி 'சிஸ்டம்டி'. டெபியனில் 2015 முதல் இதுதான் மேஸ்திரி.

ஓர் உதாரணம்
ஊரகத் திறனாய்வுத் தேர்வுக்கு முதல் நாள். மாவட்டத்துக்கு 50 மாணவிகள், 50 மாணவர்களுக்கு உதவித்தொகை கிடைக்கும் தேர்வு. பாதி நுழைவுச்சீட்டு அச்சாகியிருந்தபோது கரண்டு போச்சு. வந்த பிறகு கப்ஸ் கிளம்பவே இல்லை. ஆசிரியை சொல்லச் சொல்ல, நான் தட்டினேன். செய்த முறை இதுதான். (கட்டளைகளை ஆங்கில எழுத்தில் தட்டணும். சிலவற்றுக்கு முன்னால் 'சுடோ' சேர்க்கணும். கடவுச்சொல் ஆசிரியரிடம் இருக்கும்.)

1. சும்மா சும்மா ரீஸ்டார்ட் கொடுக்கக் கூடாது. பொதுவாக 10 வினாடிக்குள் 5 தடவை கிளப்பியும் நின்றுவிட்டால், மேஸ்திரி மேற்கொண்டு கிளப்ப மறுத்துவிடும்.

2. 'சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் கப்ஸ்' என்று தட்டணும். ஓடுதா, விழுந்துருச்சா என்று சொல்லும். எங்களுக்கு 'ஃபெயில்டு' என்று வந்தது.

3. 'ஜர்னல்சிடிஎல் -யு கப்ஸ்' என்பது அந்த சர்வீஸின் நாட்குறிப்பு. கடைசி வரியை மட்டும் பார்த்தால் போதாது. முதல் பிழை எங்கே என்று மேலே போய்ப் பார்க்கணும். அமைப்புக் கோப்பில் ஒரு வரி எண்ணைக் காட்டி, அங்கே பிழை என்றது.

4. 'கப்ஸ்டி -டி' என்றால், சர்வீஸைக் கிளப்பாமலே கோப்பை மட்டும் சோதிக்கும். அதே வரியைத்தான் காட்டியது. முடிவுக் குறி ஒன்று விட்டுப்போயிருந்தது.

5. திருத்தி, மறுபடி சோதித்து, 'சிஸ்டம்சிடிஎல் ரீசெட்-ஃபெயில்டு கப்ஸ்' கொடுத்து, பிறகு 'ஸ்டார்ட்' கொடுத்தோம். கிளம்பிருச்சு. மீதிச் சீட்டும் அச்சாச்சு.

கோப்பில் பிழை இல்லையென்றால்? 'டிஎஃப் -ஹெச்' கொடுத்து வட்டு நிறைஞ்சிருக்கா பாருங்க. கப்ஸுக்கு உரிய 631-ஆம் போர்ட்டை வேறு ஏதாவது பிடிச்சிருக்கா என்றும் பாருங்க.

அப்படின்னா முதலில் எப்படி அச்சடிச்சது?
பிரிண்டரை இன்னொரு கணினியும் பயன்படுத்தட்டும் என்று அன்னைக்குக் காலையில்தான் அந்தக் கோப்பை மாற்றியிருந்தாங்க. சர்வீஸ் கிளம்பும்போதுதான் கோப்பைப் படிக்கும். ஓடிக்கிட்டிருந்த கப்ஸ் பழைய அமைப்பிலேயே ஓடியது. கரண்டு போய் வந்து புதுசாகக் கிளம்பும்போதுதான் பிழை வெளியே வந்தது.

கோவில்பட்டி பக்கம் கரிசக்காட்டுக் கிணத்து மோட்டாரைப் பார்த்திருப்பீங்க. ஓடும்போது மூணு பேஸில் ஒண்ணு போனாலும், சூடாகிக்கிட்டே கொஞ்ச நேரம் ஓடும். நிறுத்திட்டுப் பொத்தானை அமுக்கினால் உறுமும், கிளம்பாது. திரும்பத் திரும்ப அமுக்கினால் காயில் கருகிரும். பியூஸைத்தான் முதலில் பார்க்கணும்.

அதனால் தோழிகளே, தோழர்களே, 'ஓடுது' என்பதும் 'மறுபடி கிளம்பும்' என்பதும் ஒண்ணில்லை. கோப்பை மாற்றினால் உடனே சோதிச்சு, ரீஸ்டார்ட் பண்ணியும் பார்த்திருங்க. கரண்டு போய் சோதிக்கிற வரைக்கும் விட்டு வைக்காதீங்க!

— 9-ஆம் வகுப்பு மாணவி