கல்லூரிப் பிரவேசப் பரீட்சையும் அடிப்படைப் பாடங்களும்

 

நமது கடைகளிலே இன்று இரு வகை இளைஞர்களைக் காண்கிறோம். ஒரு வகையினர் ஐந்தாம் படிவம் முடித்து, எஸ்.பி.எம். சான்றிதழைப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டுக் கல்லாவில் அமர்ந்தவர்கள். மற்றொரு வகையினர் தகப்பனாரின் சுகவீனம், கடையின் நெருக்கடி முதலிய காரணங்களால் படிப்பைப் பாதியிலேயே நிறுத்தியவர்கள். இவ்விரு சாராரிலும் பலருக்கு, இருபது வயதைத் தாண்டிய பின் மீண்டும் படிக்க வேண்டும் என்ற ஆசை எழுகிறது. ஆனால், "இனி எங்கே நமக்குப் படிப்பு?" என்று தமக்குத் தாமே சொல்லிக் கொண்டு அடங்கிவிடுகிறார்கள்.

கதவு மூடப்படவில்லை. மலேசியத் தகுதி முகமையின் ஏற்பாட்டில், 'அப்பெல்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஒரு வழி உண்டு. வேலை அனுபவத்தையும் ஒரு தகுதியாக மதித்து உயர் கல்விக்குள் அனுமதிக்கும் வழி அது. டிப்ளோமாவுக்கு 20 வயதையும், பட்டப் படிப்புக்கு 21 வயதையும் கடந்திருக்க வேண்டும். தேர்வொன்றும், அனுபவத்தைக் காட்டும் ஆவணத் தொகுப்பும் கொண்டு தகுதி மதிப்பிடப்படும். ஆறாம் படிவம் போன்ற வழிகளில் அரசாங்கப் பல்கலைக்கழகம் செல்ல விரும்புவோர் 1999-இல் தொடங்கப்பட்ட முவெட் என்னும் ஆங்கிலப் பரீட்சையை எழுத வேண்டும். கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் என நான்கு தாள்கள் அதற்கு உண்டு. இலக்கணத்துக்கென்று அதில் தனித் தாள் இல்லை. ஆயினும் இலக்கணம் தவறினால் எழுத்தும் பேச்சும் தாமே தவறிவிடும்.

இத்தகைய பரீட்சைகளுக்கு அஞ்சுவோர் பெரும்பாலும் கடினமான பாடங்களை எண்ணியே அஞ்சுகிறார்கள். உண்மையில் மனிதரைக் கவிழ்ப்பவை சின்னஞ்சிறு அடிப்படை விஷயங்களே. எழுவாய்க்கு ஏற்ற வினை, கேள்வியில் மறைந்திருக்கும் 'அல்ல' என்ற சொல், எதன் மேல் விழுக்காடு என்ற தெளிவு ஆகிய இவையே. நமது கடைப் பிள்ளைகள் இவற்றில் பாதியைத் தினமும் கையாண்டு வருகிறார்கள் என்பதே நாம் இங்கு எடுத்துக்காட்ட விரும்புவது.

1. இலக்கணம்

நம்மவர் காலையிலிருந்து இரவு வரை மூன்று மொழிகளில் வியாபாரம் செய்கிறார்கள். அந்தப் பழக்கமே பரீட்சையில் சில இடங்களில் கை கொடுக்கும். சில இடங்களில் காலை வாரும்.

தமிழில் செய்பவரைப் பின்பற்றி வினை மாறும்: அவன் எழுதுகிறான், அவர்கள் எழுதுகிறார்கள். மதரஸாவில் ஸர்பு ஓதியவர்களுக்கு அரபியிலும் இதே விதி தெரியும்: கதப, கதபத், கதபூ என்று வாய்ப்பாடாகவே ஓதியிருப்பார்கள். மலாயில் இந்த மாற்றம் இல்லை; ஒருவர் எழுதினாலும் பலர் எழுதினாலும் 'மெனூலிஸ்' தான். ஆங்கிலம் நடுவில் நிற்கிறது: 'ஹி ரைட்ஸ்', 'தே ரைட்'. நாள் முழுதும் மலாய் பேசிய நாக்கு, அந்தக் கடைசி 'ஸ்' ஒலியை விழுங்கிவிடும். ஆகவே ஆங்கில வாக்கியம் எழுதியதும், "செய்பவர் யார்? ஒருவரா, பலரா?" என்று நஹ்வு வகுப்பில் பாயிலைத் தேடுவதுபோலத் தேடிப் பார்க்க வேண்டும்.

பரீட்சையில் வழக்கமாக வரும் ஒரு பொறியைக் காண்போம். 'தி பிரைஸ் ஆஃப் தி குட்ஸ்' என்று தொடங்கும் வாக்கியத்தில் அடுத்து வர வேண்டியது 'இஸ்' என்பதா, 'ஆர்' என்பதா? பக்கத்தில் 'குட்ஸ்' என்ற பன்மைச் சொல் இருப்பதால் 'ஆர்' என்று எழுதிவிடுவோர் அநேகர். சரக்குகளின் விலை உயர்ந்தது என்றால், உயர்ந்தது விலை, சரக்குகள் அல்ல. விலை ஒருமை, ஆதலால் 'இஸ்' என்பதே சரி.

இன்னொன்று: 'டிட் நாட் வென்ட்' என்று எழுதுவது. 'டிட்' என்ற சொல்லே இறந்த காலத்தைச் சுமந்துவிட்டபடியால் அடுத்த வினை 'கோ' என்று வெறுமையாகவே நிற்க வேண்டும். இதை மனனம் செய்யச் சிரமப்பட வேண்டியதில்லை. தமிழில் நாம் 'போகவில்லை' என்கிறோம். 'போனவில்லை' என்று எவரும் சொல்வதில்லை. அரபியில் 'லம் யத்ஹப்' என்கிறோம். 'லம்' என்பதற்குப் பின் இறந்த கால வடிவம் வராது. மூன்று மொழிக்கும் இங்கே ஒரே ஒழுங்குதான்.

மலாய்த் தேர்வில் நம்மவர் தடுமாறுவது எண்ணுக்குப் பின் வரும் சொல்லில். கடையில் 'தீகா தெலுர்' என்றால் முட்டை கிடைத்துவிடும். பரீட்சையில் மதிப்பெண் கிடைக்காது. 'தீகா பீஜி தெலுர்', 'தீகா ஹெலாய் காயின்', 'தீகா புவா கெடாய்' என்று பொருளுக்கேற்ற சொல்லைச் சேர்க்க வேண்டும். மனிதருக்கு 'ஓராங்', பிராணிகளுக்கு 'ஏகோர்'. கடையிலுள்ள சரக்குகளை ஒவ்வொரு தட்டாகப் பார்த்து இப்படிச் சொல்லிப் பழகினால் ஒரு வாரத்தில் கைவந்துவிடும்.

2. வாசிப்பு

ஓதும்படியான கட்டளையோடு வஹீ தொடங்கிய சமுதாயம் நாம். பத்ருப் போரில் பிடிபட்ட, எழுதப் படிக்கத் தெரிந்த கைதிகள் சிலருக்கு, முஸ்லிம் சிறுவர்களுக்கு எழுதக் கற்பிப்பதே விடுதலைக்கு ஈடாக விதிக்கப்பட்ட வரலாற்றை நாம் அறிவோம். நம் முன்னோர் தமிழை அரபு எழுத்தில் எழுதி, அர்வி என்ற முறையையே வளர்த்தார்கள். எனவே வாசிப்பு நமக்குப் புதிதன்று. ஆனால் பரக்கத்துக்காக ஓதுவது வேறு. ஒரு பத்தியிலிருந்து விடையைப் பிடித்தெடுப்பது வேறு. பரீட்சைக்கு இரண்டாவது முறை தேவை.

அதற்கு மூன்று படிகள் உண்டு. முதலாவது, கேள்விகளை ஒருமுறை பார்த்துவிட்டுப் பத்திக்குள் செல்ல வேண்டும். என்ன வாங்க வேண்டும் என்று தெரிந்து சந்தைக்குப் போகிறவன் விரைவில் திரும்புவான். இரண்டாவது, ஒவ்வொரு பத்தியும் முடிந்ததும், "இதில் சொன்னது என்ன?" என்று ஒரே வாக்கியத்தில் தமிழில் சொல்லிப் பார்க்க வேண்டும். சொல்ல வரவில்லையானால் புரியவில்லை என்பது பொருள். மேலே செல்லாமல் மீண்டும் வாசிக்க வேண்டும். மூன்றாவது, சின்னச் சொற்களில் கண் வைக்க வேண்டும். 'நாட்', 'எக்செப்ட்', 'ஒன்லி', 'ஆல்வேஸ்' போன்றவை அளவில் சிறியவை. விடையைத் தலைகீழாக்கும் வல்லமை உடையவை. பத்தியில் 'சிலர்' என்றிருக்க, விடையில் 'எல்லோரும்' என்றிருந்தால் அந்த விடை தவறு.

இதைப் பழகத் தனிப் புத்தகம் தேடி அலைய வேண்டியதில்லை. கடையின் வாடகை ஒப்பந்தத்தை எடுத்து வைத்துக் கொள்ளுங்கள். அதில் 'ஷேல்' என்று வரும் இடங்கள் கட்டாயம். 'மே' என்று வரும் இடங்கள் விருப்பம். வாடகைக்காரர் பழுது பார்க்கக் கடமைப்பட்டவரா, விரும்பினால் பார்க்கலாமா என்பது அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. மொத்த வியாபாரி அனுப்பும் பட்டியலில் முப்பது நாள் தவணை என்று இருந்தால், அது சரக்கு வந்த நாளிலிருந்தா, பட்டியல் எழுதிய நாளிலிருந்தா என்று தேடிப் பாருங்கள். பரீட்சைக்குப் பழகும் அதே கண், நாளை கையெழுத்திடும் முன்பும் நம்மைக் காப்பாற்றும்.

3. கணக்கு

கணக்கில் நம்மவருக்கு வேகம் உண்டு. ஆனால் கடைக் கணக்கு விடையைக் கேட்கிறது. பரீட்சைக் கணக்கு வழியையும் கேட்கிறது. மேலும், பரீட்சையில் கேட்கும் சில சொற்களுக்குப் பொருள் வேறு.

இலாப விழுக்காடு: 80 வெள்ளிக்கு வாங்கி 100 வெள்ளிக்கு விற்றால் இலாபம் 20 வெள்ளி. விற்பனைத் தொகையை வைத்து எண்ணும் வியாபாரி இதை 20 விழுக்காடு என்பார். பரீட்சையில், வேறு விதமாகச் சொல்லப்படாத வரை, வாங்கிய விலையின் மேல்தான் கணக்கு: 20-ஐ 80-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 25 விழுக்காடு. இரண்டும் பொய்யல்ல, எதன் மேல் என்பதே கேள்வி.

ஏற்றமும் இறக்கமும்: குறைந்தபட்சச் சம்பளம் 2025-ஆம் ஆண்டில் 1,500 வெள்ளியிலிருந்து 1,700 வெள்ளிக்கு உயர்ந்தது. உயர்வு 200 வெள்ளி. பழைய தொகையாகிய 1,500-ஆல் வகுத்தால் 13.33 விழுக்காடு. இதையே 1,700-லிருந்து 1,500-க்கு இறங்கியதாகக் கேட்டால், அதே 200 வெள்ளியை 1,700-ஆல் வகுக்க வேண்டும், 11.76 விழுக்காடுதான் வரும். தொடங்கிய தொகையே அடி. அதுபோலவே 100 வெள்ளிச் சரக்கின் விலையை 20 விழுக்காடு ஏற்றிப் பின் 20 விழுக்காடு தள்ளுபடி கொடுத்தால் பழைய விலை திரும்பாது. 120 வெள்ளியில் 24 வெள்ளி கழிந்து 96 வெள்ளியே நிற்கும்.

பின்னம்: ஜகாத்து இரண்டரை விழுக்காடு என்பதும் நாற்பதில் ஒரு பங்கு என்பதும் ஒன்றே. இதைத் தெரிந்தவன் விழுக்காட்டையும் பின்னத்தையும் பாதி அறிந்தவன். பாகப் பிரிவினையைப் பாருங்கள். ஒருவர் மனைவியையும் தாயையும் ஒரே மகனையும் விட்டு வபாத்தானார். கடனும் வஸிய்யத்தும் நீங்கி மீந்த சொத்து 2,40,000 வெள்ளி. மனைவிக்கு எட்டில் ஒன்று, தாய்க்கு ஆறில் ஒன்று, மீதி மகனுக்கு. எட்டுக்கும் ஆறுக்கும் பொதுவான சிற்றெண் 24. மனைவிக்கு 3 பங்கு, தாய்க்கு 4 பங்கு, மகனுக்கு 17 பங்கு. ஒரு பங்கு 10,000 வெள்ளி. ஆக 30,000, 40,000, 1,70,000. பின்னங்களைக் கூட்டும் பாடம் முழுவதும் இதில் அடங்கிவிட்டது.

தெரியாத எண்: ஒருவர் 50 வெள்ளி நோட்டைக் கொடுத்து, ஒரே விலையுள்ள 6 பொட்டலங்கள் வாங்கினார், மீதி 8 வெள்ளி கொடுத்தோம். பொட்டலம் என்ன விலை? கடைப் பையன் மனத்திலேயே 7 வெள்ளி என்பான். 50-இல் 8 போக 42. அதை 6-ஆல் வகுத்தான். விலையை 'எக்ஸ்' என்று வைத்து இதையே தாளில் எழுதினால் அதுதான் இயற்கணிதம். அதன் ஆங்கிலப் பெயரே, ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மி அவர்களின் நூற்பெயரிலுள்ள 'அல்-ஜப்ர்' என்ற சொல்லிலிருந்து வந்தது. வாரிசுப் பங்கு, வியாபாரம் முதலிய அன்றாடத் தேவைகளுக்காகவே அவர்கள் அந்நூலை எழுதினார்கள். நமது வீட்டுச் சொத்தைக் கண்டு நாமே அஞ்சலாமா?

வட்டிக் கணக்கு கேட்பார்களே என்று சிலர் முகம் சுளிக்கலாம். வட்டி வாங்குவதும் கொடுப்பதும் நமக்கு ஹராம். அதைக் கணக்கிடத் தெரிந்திருப்பது ஹராமன்று. 2,000 வெள்ளிக்கு ஆண்டுக்கு 4 விழுக்காடு தனிவட்டி, 3 ஆண்டுகளுக்கு 240 வெள்ளி. கணக்குத் தெரியாதவனே கடன் பத்திரத்தில் ஏமாறுகிறான்.

4. படிக்கும் முறை

நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் போதும். ஆனால் நாள் தவறக் கூடாது. சுபுஹுத் தொழுகைக்குப் பின் உள்ள நேரம் சிறந்தது. இரவுக் கடையில் வேலை செய்வோர் தமக்கு ஒத்த நேரத்தை வைத்துக் கொள்ளலாம். இரு நாள் இலக்கணம், இரு நாள் வாசிப்பு, இரு நாள் கணக்கு, ஒரு நாள் முழுப் பாடத்தையும் திரும்ப ஓதுதல். மதரஸாவில் பழைய பாடத்தை ஒப்பிக்காமல் புதுப் பாடம் கிடைக்காது. அந்த ஒழுங்கை இங்கும் கடைப்பிடிக்க வேண்டும்.

இதற்கு ஒரு தனி நோட்டு வேண்டும். கடன் பேரேடு போல, செய்த பிழை ஒவ்வொன்றையும் தேதியிட்டு அதில் பற்று எழுத வேண்டும். அதே மாதிரிக் கணக்கை மூன்று வெவ்வேறு நாட்களில் பிழையின்றிச் செய்த பிறகே வரவு வைத்து அடிக்க வேண்டும். அடிக்கப்படாத பற்றுகள் எவையோ, அவைதாம் மீதிப் பாடம். பரீட்சை நெருங்கும்போது புத்தகம் முழுவதையும் புரட்ட வேண்டியதில்லை. இந்த நோட்டே போதும்.

முதலாளிமார்களுக்கு ஒரு வார்த்தை

இத்தனையும் பிள்ளைகளுக்குச் சொன்னது. இனிச் சொல்லப் போவது நமக்கு. பன்னிரண்டு மணி நேரம் கடையில் நின்ற தம்பியிடம், "படிக்க வேண்டியதுதானே" என்று சொல்வதில் பயனில்லை. படிக்கும் பிள்ளைக்குத் தினம் ஒரு மணி நேரத்தை விட்டுக் கொடுங்கள். அந்த ஒரு மணி நேரத்தில் தேநீர் வாங்கவோ, மூட்டை இறக்கவோ அவனைக் கூப்பிடாதீர்கள். பரீட்சை நாளன்று கடையில் ஆள் இல்லையென்று அவனை நிறுத்தாதீர்கள்; பரீட்சைக் கட்டணத்தை நீங்களே கட்டுங்கள். பெண் மக்களுக்கும் இதில் சம உரிமை உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

"படித்தால் கடையை விட்டுப் போய்விடுவானே" என்ற அச்சம் சிலருக்கு இருக்கிறது. போகலாம், போகாமல் கடையையே பெரிதாக்கவும் செய்யலாம். படிக்கவிடாமல் வைத்துக்கொண்ட பிள்ளை கடையில் நிற்பான். ஆனால் அவன் மனம் நிற்காது. ஒரு பங்கு இலாபத்துக்காக ஒரு மனிதனின் ஆயுளை அடகு பிடிப்பது நமக்கு அழகன்று. அவன் கற்ற கல்வியின் நன்மையில் அதற்கு வழி விட்டவருக்கும் பங்குண்டு.

எல்லாம் வல்ல அல்லாஹ், கற்போருக்குத் தெளிவையும் கற்க வழி விடுவோருக்குத் தாராள மனத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.