ஏறும்போது அம்பு, இறங்கும்போது பருந்து

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு

நண்பகல் மணி அடித்து நாம் சாப்பாட்டுத் தூக்குடன் வேப்பமரத்தடிக்கு வரும் வேளையில், மைதானத்துக்கு மேலே ஒரு பருந்து வட்டமிடுவதைப் பார்த்திருப்பீர்கள். அது இறக்கையை அடிப்பதே இல்லை. வெயிலில் சூடேறிய தரையிலிருந்து மேலெழும் காற்று அதைத் தாங்கிக்கொள்கிறது. தீபாவளி ராக்கெட்டையும் பார்த்திருப்பீர்கள். அது அம்பு போலச் சீறி மேலே போகும். திரும்பி வரும்போது வெறும் குச்சியாக யார் வீட்டு ஓட்டின் மேலோ விழும். ராக்கெட்டைப் போல ஏறி, பருந்தைப் போல இறங்கும் பொருள் ஒன்று உண்டு. அதற்கு ராக்கெட் கிளைடர் என்று பெயர். கிளைடர் என்றால் எஞ்சின் இல்லாமல் காற்றில் சறுக்கி வரும் விமானம். இவ்வாண்டு விஞ்ஞானக் கண்காட்சிக்காக நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து அப்படி ஒரு மாதிரியைச் செய்தோம். அதைச் செய்த விதத்தையும், நான் அதை உடைத்த விதத்தையும் இங்கே எழுதுகிறேன்.

மாதிரிக்கு வேண்டிய பாகங்கள் ஒரு பெட்டியில் வந்தன. எங்களுள் ஒருத்தியின் மாமா சென்னையில் வாங்கி அனுப்பினார். பணத்தை ஐவரும் பங்கு போட்டுக்கொண்டோம். என் பக்கத்து இருக்கைத் தோழி, விடியற்காலையில் தன் வீட்டுத் தோட்டத்தில் மல்லிகை பறித்து, அதற்கு அவள் அம்மா கொடுத்த காசைச் சேர்த்து வைத்துத் தன் பங்கைக் கொடுத்தாள். இதை நான் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு, பிறகு சொல்கிறேன்.

பெட்டிக்குள் பால்சா மரத்தகடுகள், காகிதக் குழாய் ஒன்று, பிளாஸ்டிக் மூக்கு ஒன்று, உப்புத்தாள், சிறிது மெழுகுக் களிமண், ஆங்கிலத்தில் அச்சிட்ட வரைபடம் ஆகியவை இருந்தன. பால்சா தென் அமெரிக்காவில் வளரும் மரம். கையில் எடுத்தால் எடையே தெரியாது. நகம் பட்டாலும் பள்ளம் விழும். வரைபடத்தின்படி காகிதக் குழாய்க்குள் ஒரு மோட்டார் இருக்க வேண்டும். மோட்டார் என்றால் மின்சார மோட்டார் அன்று. மருந்து அடைத்த சிறு உருளை. அது பெட்டியில் இல்லை. "பட்டாசுக் கடையில் ஒரு ராக்கெட் வாங்கிக் கட்டிவிடலாமே" என்றாள் ஒருத்தி. சிஸ்டர் அவளைப் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு அத்துடன் முடிந்தது. தங்கைகளுக்கும் சொல்லிவைக்கிறேன்: பட்டாசைப் பிரித்து மருந்தை எடுப்பது, வேறொன்றில் அடைப்பது, இவை விரலையும் கண்ணையும் பறிக்கும் வேலைகள். எங்கள் கிளைடரை உண்டிவில் முறையில் ரப்பர் பட்டையால் மேலே அனுப்புவது என்று முடிவாயிற்று. காகிதக் குழாய் கண்காட்சியில் காட்டுவதற்கு மட்டும்.

இறக்கைதான் பெரிய வேலை. தகட்டைப் பிளேடால் வெட்டிவிட்டால் அது இறக்கை ஆகிவிடாது. மேற்பக்கம் சற்றே வளைந்தும், அடிப்பக்கம் தட்டையாகவும், முன்விளிம்பு உருண்டும், பின்விளிம்பு மெலிந்தும் இருக்க வேண்டும். இதை உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்தே கொண்டுவர வேண்டும். என் தோழி நான்கு மாலைகள் உட்கார்ந்து தேய்த்தாள். பூத்தொடுத்துப் பழகிய விரல்கள் ஆதலால் ஓரிடத்திலும் அழுத்தம் கூடவில்லை. நான் தேய்த்த வாலில் ஒரு பக்கம் பள்ளம் விழுந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். இறக்கைகளை ஒட்டும்போது நேர்கோட்டில் ஒட்டக்கூடாது. இரு நுனிகளும் சற்று மேலே தூக்கியிருக்க வேண்டும். காற்றில் ஒரு பக்கம் சாய்ந்தால், தாழ்ந்த இறக்கைக்குத் தூக்குவிசை கூடும்; மாதிரி தானே நிமிர்ந்துகொள்ளும். பசை காயும்வரை நுனிகளுக்கு அடியில் தீப்பெட்டிகளை முட்டுக் கொடுத்தோம்.

இனி சண்டைக்கு வருகிறேன்.

வரைபடத்தில் உடலின் மேல் இரண்டு புள்ளிகள் இருந்தன. மூக்குக்கு அருகில் ஒரு கரும்புள்ளி. இறக்கையின் அகலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தள்ளி ஒரு வெள்ளைப்புள்ளி. இரண்டுமே ஈர்ப்பு மையம் என்று எழுதியிருந்தது. ஈர்ப்பு மையம் என்பது, ஒரு பொருளை விரல் நுனியில் வைத்தால் எந்த இடத்தில் சாயாமல் நிற்குமோ அந்த இடம். ஒரு பொருளுக்கு இரண்டு ஈர்ப்பு மையங்கள் எப்படி இருக்கும்? கரும்புள்ளி மோட்டாருடன் இருக்கும்போது, வெள்ளைப்புள்ளி மோட்டார் இல்லாதபோது என்று பொடி எழுத்தில் குறிப்பு இருந்தது. மோட்டாரின் எடை சுமார் 20 கிராம். நம்மிடம் மோட்டார் இல்லை, ஆகவே அதே எடைக்குக் களிமண்ணை மூக்கில் வைத்துக் கரும்புள்ளியில் நிறுத்த வேண்டும் என்றேன் நான். "மோட்டாரே இல்லாதபோது அதன் எடை மட்டும் எதற்கடி?" என்றாள் தோழி. நான் கேட்கவில்லை. கணக்கில் நான் முதல் மாணவி என்ற நினைப்பு வேறு.

களிமண்ணைத் தெருமுனைப் பூக்கடையில் கொண்டுபோய் நிறுத்தேன். பூக்கடை அக்கா, "என்ன பாப்பா, மண்ணையும் மல்லிகைப் பூ விலைக்கு விக்கப் போறியா?" என்று கேட்டுக்கொண்டே தராசைத் துடைத்துக் கொடுத்தார். சரியாக 20 கிராம். அன்று மாலை மைதானத்தில் மூக்கில் ஒட்டி, தோள் உயரத்திலிருந்து பலமாகவே வீசினேன். அது பறக்கவில்லை. கல் போல மூக்கைத் தரையில் குத்தியது. இடது இறக்கை நடுவில் முறிந்து தனியே கிடந்தது. தோழி ஒன்றும் சொல்லாமல் இரு துண்டுகளையும் எடுத்துத் தாவணியில் சுற்றிக்கொண்டாள். இரண்டு நாட்கள் அவள் என்னுடன் பேசவில்லை. நான்கு மாலை வேலையும், விடியற்காலைப் பூக்காசும் அந்த இறக்கையில் இருந்தன அல்லவா?

ஏன் குத்தியது என்பதை விஞ்ஞான ஆசிரியை கரும்பலகையில் விளக்கினார். எடை கீழ்நோக்கி இழுப்பது ஈர்ப்பு மையத்தில். காற்று மேல்நோக்கித் தாங்குவது இறக்கையில். முன்னால் எடை மிகுந்தால், தாங்கும் விசை பின்னால் நின்றுவிடுகிறது, மூக்கு கவிழ்கிறது. எடை மிகவும் பின்னால் போனாலோ, மூக்கு நிமிர்ந்து, வேகம் குறைந்து, தொப்பென்று விழும். மறுபடி நிமிரும், மறுபடி விழும். அலையில் ஏறி இறங்கும் தோணி போல இருக்கும். இரண்டுக்கும் நடுவில் ஓரிடம் உண்டு. அதுவே வெள்ளைப்புள்ளி.

மூன்றாம் நாள் தோழியே இறக்கையை ஒட்டிக் கொண்டுவந்தாள். முறிவின் மேல் மெல்லிய காகிதப் பட்டை ஒன்றும் ஒட்டியிருந்தாள். "இந்தத் தடவை நான்தான் வீசுவேன்" என்றாள். சரி என்றேன். களிமண்ணை முழுவதும் எடுத்துவிட்டு, பயறளவு பயறளவாக ஒட்டிப் பார்த்தோம். காற்று அடங்கிய மாலை வேளையையே இதற்குத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆடிக் காற்றில் செய்தால் மாதிரியின் குற்றம் எது, காற்றின் குற்றம் எது என்று தெரியாது. ஏழாவது வீச்சில் அது நேராக மிதந்து புல்லில் வயிற்றால் வழுக்கி நின்றது. டேப்பால் அளந்தோம். விட்ட உயரம் 1.25 மீட்டர், போன தூரம் 7.5 மீட்டர். அதாவது ஒரு மீட்டர் கீழே இறங்குவதற்குள் 6 மீட்டர் முன்னே போகிறது.

பிறகு ரப்பர் பட்டை. ஒரு குச்சியில் பட்டையைக் கட்டி, மாதிரியின் மூக்கடியில் வெட்டிய கொக்கியில் மாட்டி, பின்னால் இழுத்து விட வேண்டும். நேரே வானத்தைப் பார்த்து விட்டோம். சர்க்கஸ்காரன் போல முழுக் குட்டிக்கரணம் அடித்து எங்கள் முதுகுக்குப் பின்னால் வந்து விழுந்தது! நல்லவேளை, புல்லில் விழுந்தது. மெதுவாகப் போகும்போது சரியாக இருந்த மாதிரி, வேகமாகப் போகும்போது ஏன் கரணம் அடிக்கிறது? வேகம் இரு மடங்கானால் தூக்குவிசை நான்கு மடங்காகிவிடும். அந்த மிகுதி விசை மூக்கை மேலும் மேலும் தூக்கிப் பின்னால் கவிழ்த்துவிடுகிறது.

அப்போதுதான் கரும்புள்ளி எதற்கு என்று எனக்கு விளங்கியது. மோட்டார் எரிந்து வேகமாக ஏறும்போது மாதிரி கரணம் அடிக்காமல் இருக்க, எடை முன்னால் இருக்க வேண்டும். அம்பின் முனையில் இரும்பும் பின்னால் இறகும் இருப்பது போல. உச்சிக்குப் போனதும் மோட்டாருக்குள் இருக்கும் சிறு மருந்து வெடித்து, குழாயைக் கழற்றி வெளியே தள்ளிவிடும். குழாய் ஒரு நாடாவை விரித்துக்கொண்டு தனியே விழும். 20 கிராம் போனவுடன் ஈர்ப்பு மையம் பின்னால் நகர்ந்து வெள்ளைப்புள்ளிக்கு வந்துவிடும். அதுவரை அம்பாக இருந்தது அந்த நொடியில் பருந்தாகிறது. நான் செய்தது என்னவென்றால், அம்பைக் கொடுத்துப் பருந்து வேலையைச் செய்யச் சொன்னது.

எங்களிடம் கழன்று விழும் மோட்டார் இல்லாததால் வேறு வழி தேடினோம். மாதிரியை வலப்பக்கம் சாய்த்துப் பிடித்து விட்டால், மிகுதித் தூக்குவிசை கரணமாகாமல் சுற்று ஏற்றமாகிவிடும். மாடிப்படி சுற்றி ஏறுவது போல. மேலே போய் வேகம் அடங்கியதும் இடப்பக்கம் வட்டமிட்டு இறங்க வேண்டும். இடப்பக்கம் திருப்புவதற்குப் பொதுவாக வாலைச் சிறிது வளைப்பார்கள். எங்களுக்கு அது தேவைப்படவில்லை. ஒட்டுப்போட்ட இடது இறக்கை, பசையாலும் காகிதத்தாலும் ஒரு கிராம் எடை கூடி, தானாகவே இடப்பக்கம் திரும்பியது. "நீ உடைத்ததும் ஒரு விதத்தில் உதவிற்று" என்றாள் தோழி. அவள் சிரித்தது எனக்குப் பெரிய ஆறுதல்.

நம் நாட்டில் இதே வேலையைப் பெரிய அளவில் செய்திருக்கிறார்கள். 2016ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் காலை 7 மணிக்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இஸ்ரோ ஒரு சிறகுள்ள கலத்தை அனுப்பியது. ஆர்.எல்.வி. என்று அதைச் சுருக்கமாகக் கூறுவர். நீளம் 6.5 மீட்டர், எடை 1.75 டன். ஒரு திட எரிபொருள் ராக்கெட்டின் தலையில் அதை வைத்து அனுப்பினார்கள். தலையில் சிறகு இருந்தால் காற்று அதை முன்பக்கத்திலேயே பிடித்துத் திருப்பப் பார்க்கும். ஆகவே ராக்கெட்டின் அடியில் பெரிய துடுப்புகளை வைத்திருந்தனர். ராக்கெட் 91 விநாடிகள் எரிந்து, சுமார் 56 கிலோமீட்டர் உயரத்தில் கழன்று விழுந்தது. கலம் மட்டும் 65 கிலோமீட்டர் வரை சென்று, ஒலியைப் போல 5 மடங்கு வேகத்தில் காற்று மண்டலத்துக்குள் திரும்பி, வங்கக் கடலின் மேல் 450 கிலோமீட்டர் தொலைவில் குறித்த இடத்தில் இறங்கியது. மொத்தம் 770 விநாடிகள். பதின்மூன்று நிமிடம்கூட இல்லை.

கடலில் இறங்கினால் போதுமா? தரையில் இறங்கப் பழக்க வேண்டுமே. 2023 ஏப்ரல் 2, 2024 மார்ச் 22, 2024 ஜூன் 23 ஆகிய மூன்று நாட்களில் கர்நாடகத்தின் சித்ரதுர்காவில் அதற்கான சோதனைகள் நடந்தன. புஷ்பக் என்று பெயரிட்ட கலத்தை விமானப்படையின் சினூக் ஹெலிகாப்டர் தூக்கிச் சென்றது. மூன்றாவது சோதனையில் 4.5 கிலோமீட்டர் உயரத்தில், ஓடுபாதைக்கு 4.5 கிலோமீட்டர் தொலைவில், வேண்டுமென்றே 500 மீட்டர் பக்கவாட்டில் தள்ளி விட்டார்கள். அது தானே வழியைத் திருத்திக்கொண்டு வந்து ஓடுபாதையின் நடுக்கோட்டில் இறங்கியது. உள்ளே விமானி கிடையாது. எங்கள் பால்சா மாதிரியைப் போல அது சாவகாசமாக மிதந்து வராது. மிகுந்த வேகத்துக்காக அமைந்த குட்டைச் சிறகு ஆதலால் சரிவாக, 320 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் தரையைத் தொடும். உடனே பின்னால் ஒரு பாராசூட் விரிந்து வேகத்தைச் சுமார் 100 கிலோமீட்டருக்குக் குறைக்கும். அதன் பின்னரே சக்கரத்துக்குப் பிரேக். இரண்டாவது சோதனையில் இறங்கிய அதே உடலையும் சிறகையும் மூன்றாவதிலும் பயன்படுத்தினர் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. ஒட்டுப்போட்ட இறக்கைக்காரர்களுக்கு அது புரியும்.

இக்கலத்தை உருவாக்கிய விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவில் இருக்கிறது. அங்கே 1963 நவம்பர் 21இல் முதல் ராக்கெட் ஏறியபோது அலுவலகக் கட்டடம் ஏதும் இல்லை. ஆயர் பீட்டர் பெர்னார்ட் பெரேரா அவர்களின் இசைவுடன் மீனவ மக்கள் விட்டுக்கொடுத்த புனித மகதலா மரியாள் ஆலயமே முதல் பணிமனை. இன்று அது விண்வெளி அருங்காட்சியகம். இதைச் சொன்ன சிஸ்டர், எங்கள் மாதிரிக்கு நூலகத்தின் ஓர் அலமாரியையே ஒதுக்கிக் கொடுத்துவிட்டார்.

கண்காட்சிக்கு முந்தின மாலை கடைசியாக ஒரு முறை விட்டுப் பார்த்தோம். தோழி பட்டையை இழுத்தாள். நான் கடிகாரம் பார்த்தேன். வலப்பக்கம் சுற்றி ஏறி, வேப்பமர உச்சியைத் தாண்டி, ஒரு கணம் அசையாமல் நின்று, பிறகு இடப்பக்கமாக இரண்டு பெரிய வட்டம் போட்டது. சிறுமலைப் பக்கத்து வானத்தில் அதன் ஒட்டுக்காகிதம் வெள்ளையாகத் தெரிந்தது. 17 விநாடிகள்.

மாதிரி இப்போது நூலகத்தில், ஜன்னலை ஒட்டிய அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. எடுத்துப் பார்க்க விரும்பும் தங்கைகள் இறக்கையைப் பிடித்துத் தூக்காதீர்கள். உடலைப் பிடித்துத் தூக்குங்கள். வெள்ளைப்புள்ளியைப் பேனாவால் குறித்திருக்கிறோம். ரப்பர் பட்டை வெயில் பட்டால் இற்றுப்போகும் ஆதலால் தகர டப்பாவில் தனியே வைத்துள்ளோம். சாவி சிஸ்டரிடம்.