வன்னிக்கு நியமனம் கிடைத்த பிள்ளைகளுக்கு

நியமனக் கடிதத்தில் துணுக்காய், முல்லைத்தீவு, வவுனியா வடக்கு என்று ஏதாவதொரு வலயத்தின் பெயரைக் கண்டதுமே வீட்டில் எழும் முதற்கேள்வி, "எப்ப இடமாற்றம் எடுக்கலாம்?" என்பதுதான். பிள்ளை இன்னும் பாடசாலைப் படலையைத் திறக்கவில்லை, அதற்குள் திரும்பி வரும் வழியைத் தேடியாகிவிட்டது. நான் கண்டவரையில் இங்கே தொழிலை விட்டவர்களைவிட ஊரை விட்டவர்கள்தான் அதிகம். வகுப்பிலிருக்கும் பிள்ளைக்கு இரண்டும் ஒன்றுதான். அன்றைய பாடம் நடக்காது. வன்னி மாவட்டங்களில் ஆசிரியராகவும் அதிபராகவும் இருந்து ஓய்வுபெற்றவள் என்ற உரிமையில் சில சொல்கிறேன். கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

1. முதல் வருடமாவது பாடசாலைக்குப் பக்கத்தில் தங்குங்கள். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

யாழ்ப்பாணத்திலிருந்து முல்லைத்தீவு நூறு கிலோமீற்றருக்கு மேல். விடியப்புறம் பஸ் ஏறி, ஆனையிறவு தாண்டி, பரந்தன் சந்தியில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நின்று, பிறகு ஓட்டோவிலோ யாருடையதோ மோட்டார் சைக்கிளின் பின்னாலோ உள்வீதியில் போய், ஏழரைக்கு வரவுப் பதிவேட்டில் சிவப்புக் கோடு விழுமுன் கையெழுத்து வைக்க வேண்டும். ஒன்றரைக்கு மணி அடித்தால் திரும்பவும் அதே ஓட்டம். 2009இல் போர் முடிந்த பிறகு ஏ9 வீதி திருத்தப்பட்டது, 2014 ஒக்ரோபரில் யாழ்தேவி ரயில் மறுபடியும் யாழ்ப்பாணம்வரை போனது. எல்லாம் நல்லதுதான். ஆனால் வீதி நல்லாகியதும் தங்குவது போய் ஓடுவது வழக்கமாயிற்று. இப்படி இரண்டு வருடம் ஓடியவர் "படிப்பிக்கிறது எனக்குச் சரிவராது" என்பார். அவரைக் களைக்க வைத்தது படிப்பித்தல் அல்ல, பஸ். அது அவருக்கே தெரியாது.

தனியே தங்கப் பயமென்றால் இருவராகச் சேர்ந்து மல்லாவியிலோ முள்ளியவளையிலோ அறை எடுங்கள். பெண்பிள்ளைகளின் பெற்றோர் பயப்படுவதில் பிழையில்லை. அம்மாவைக் கூட்டிவந்து வீட்டுக்காரரோடு கதைக்க வையுங்கள், பாதிப் பயம் போய்விடும். ஆசிரியர் விடுதி இருந்தால் கதவுக்குப் பூட்டு, தண்ணீர், மலசலகூடம், மின்குமிழ் என்று கேட்டு வாங்குங்கள். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம், இது சலுகை இல்லை.

2. யாரிடம் கேட்பது என்பதை முதல் நாளே தீர்மானியுங்கள். வவுனியா பூந்தோட்டத்திலும் கோப்பாயிலும் உள்ள தேசிய கல்வியியற் கல்லூரிகளில் படித்தவர்கள் இரண்டு வருடம் விடுதியில் படித்து, மூன்றாம் வருடம் பாடசாலையில் கட்டுறுப் பயில்வு செய்தவர்கள். அப்போது பாடத்தைப் பார்த்துக் குறிப்பெழுத ஒருவர் வந்து போவார். நியமனம் கிடைத்த மறுநாள் அந்த ஆள் இல்லை. பட்டதாரிகளாய் நேரே வந்தவர்களுக்கோ அந்த ஒரு வருடமும் இல்லை. இங்கிலாந்தில் 2021 செப்டெம்பர் முதல் புது ஆசிரியருக்கு முதல் வருடம் நேரசூசியில் 10 வீதமும் இரண்டாம் வருடம் 5 வீதமும் குறைத்துவிட்டு, கூடவே ஒரு வழிகாட்டியையும் கொடுக்கிறார்கள். எங்களுக்கு அப்படி ஒன்றும் வராது. ஆகவே நீங்களே ஒருவரைப் பிடியுங்கள். அவர் உங்கள் பாடக்காரராக இருக்க வேண்டியதில்லை. கடைசி வாங்குப் பொடியனையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஆசிரியர் யாரென்று பாருங்கள், அவரே போதும். அவருடைய வகுப்பில் பின்னால் போய் இருங்கள். சேவைக்கால ஆலோசகர் வரும்போது பாடக்குறிப்பை மட்டும் நீட்டாமல், எந்த அலகு உங்களுக்கு வரவில்லை என்று வாய்திறந்து சொல்லுங்கள்.

3. எல்லாவற்றுக்கும் ஓம் சொல்லாதீர்கள். "இளம் பிள்ளை, கொம்பியூட்டரும் தெரியும்" என்று புள்ளிவிபரப் படிவம் உங்கள் மேசைக்கு வரும். விளையாட்டுப் போட்டி வரும், தமிழ்மொழித் தினம் வரும், வாணி விழா வரும், சாரணர் வரும். ஒன்றை எடுங்கள், அதை வடிவாகச் செய்யுங்கள். மற்றதற்கு "அடுத்த வருசம் பாப்பம் சேர்" என்று மரியாதையாகச் சொல்லலாம். முதல் தவணையில் வகுப்பறைதான் வேலை.

4. கடுதாசிகளைப் பாருங்கள். சுயவிபரக் கோவை வலயத்துக்குப் போய்ச் சேர்ந்ததா, சம்பள ஏற்றம் போடப்பட்டதா, வினைத்திறன் தடைதாண்டல் எப்போது என்பதெல்லாம் உங்கள் பொறுப்பு. விதவைகள், தபுதாரர், அநாதைகள் ஓய்வூதியத்துக்கும் பதிய வேண்டும். கல்யாணமே ஆகாத பிள்ளையிடம் இதைச் சொன்னால் சிரிப்பு வரும், சிரித்துவிட்டுப் பதியுங்கள். தங்கள் கோவை எந்த மேசையில் கிடக்கிறதென்று தெரியாமல் மனம் வெறுத்துப்போனவர்கள் பலர்.

5. பிள்ளைகளை விளங்கிக்கொள்ளுங்கள், அதற்கு முன் ஊரை. இன்று பத்தாம் தரத்துக்குக் கீழே இருப்பவர்கள் போர் முடிந்த பிறகு பிறந்தவர்கள். ஆனால் அவர்களின் தாய்தகப்பன் பதினாறு, பதினேழு வயதில், போரின் கடைசி நாட்களில், மாத்தளனிலோ முள்ளிவாய்க்காலிலோ நின்றவர்களாக இருக்கலாம். முழு வகுப்பின் முன் "அப்பா என்ன செய்யிறார்?" என்று கேட்காதீர்கள். பதில் இல்லாத பிள்ளைகள் உண்டு. அந்த விபரம் வேண்டுமென்றால் இடாப்பைப் பாருங்கள், இல்லாவிட்டால் வகுப்பாசிரியரைக் கேளுங்கள்.

விசுவமடு, புதுக்குடியிருப்புப் பக்கம் கச்சான் பிடுங்கும் நாட்களில் வரவு குறையும். வற்றாப்பளைப் பொங்கலன்று பாதி முல்லைத்தீவும் அம்மன் கோயிலில்தான். நீங்களும் போங்கள். உங்களை அங்கே கண்ட தாய், அடுத்த கிழமை பாடசாலைக்கு வந்து நாலு வார்த்தை கதைப்பாள். பெற்றோர் வருவதில்லை என்று குறைப்படுகிற ஆசிரியரில் பலர் ஒன்றரை மணி பஸ்காரர்.

இன்னொன்று, யாழ்ப்பாணத்துப் பெரிய பாடசாலைப் பிள்ளைகளோடு ஒப்பிடாதீர்கள். அந்த ஒப்பீட்டில் முதலில் மனமுடைவது பிள்ளையல்ல, நீங்கள்தான்.

6. தொண்டராசிரியர்களை மதியுங்கள். போர்க்காலத்தில் இந்தப் பாடசாலைகள் பூட்டப்படாமல் இருந்தது அவர்களால். சாதாரண தரமோ உயர்தரமோ முடித்துவிட்டு, சிறு கொடுப்பனவுக்கும் சும்மாவும் படிப்பித்தவர்கள். 2009இல் மெனிக் பாம் முகாமில் கூடாரத்துக்குள் வகுப்பு நடந்தது. அந்த ஆகஸ்டில் முகாமிலிருந்தே பிள்ளைகள் உயர்தரப் பரீட்சை எழுதினார்கள். படிப்பித்தவர்களும் அதே கூடாரக்காரர்தான். பிற்பாடு இதே தொண்டராசிரியர்கள் நிரந்தர நியமனம் கேட்டு வருடக்கணக்காக வீதியில் நின்றார்கள். சான்றிதழ் உள்ளவர் போய்விட, இல்லாதவர் நின்ற கதை இது. உங்கள் ஆசிரியர் அறையில் அப்படி ஒருவர் இருந்தால் அவர் பக்கத்துக் கதிரையில் இருங்கள்.

7. சம்பளத்தைப் பற்றிக் கதைப்பது இழுக்கல்ல. 2021 ஜூலை 12 முதல் மூன்று மாதத்துக்கு மேல் ஆசிரியர்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகி நின்றபடியால்தான் சம்பள முரண்பாட்டில் ஒரு பகுதியாவது தீர்ந்தது. ஏதாவதொரு சங்கத்தில் சேருங்கள். அந்தப் போராட்டத்துக்கு அடுத்த வருடம் நாட்டின் பொருளாதாரம் விழுந்தது. அரச ஊழியர் 5 வருடம்வரை சம்பளமற்ற லீவில் வெளிநாடு போகலாம் என்று 2022 ஜூனில் சுற்றறிக்கை வந்தது, பலர் போனார்கள். அவர்களை ஏச எனக்கு வாய் வராது. வீட்டில் கடனும் தங்கச்சியின் கல்யாணமும் இருப்பவருக்குச் சேவை மனப்பான்மை பற்றிப் பாடம் எடுப்பது சுகமான வேலை. நீங்களும் போவதென்றால் தவணை முடிவில் போங்கள். புள்ளிப் பதிவேட்டையும் எந்த அலகுவரை படிப்பித்தீர்கள் என்பதையும் அடுத்தவரிடம் ஒப்படையுங்கள். வருட நடுவில் சொல்லாமல் போனால் சாதாரண தர வகுப்பு அந்தரத்தில் நிற்கும்.

8. இது அதிபர்களுக்கும் வலயத்துக்கும். அமெரிக்காவில் புது ஆசிரியர்களில் ஏறத்தாழ 44 வீதத்தினர் 5 வருடத்துக்குள் தொழிலை விடுகிறார்கள் என்று பேராசிரியர் ரிச்சர்ட் இங்கர்சோலின் ஆய்வு சொல்கிறது. ஆட்கள் வராததைவிட வந்தவர்கள் நில்லாததுதான் பற்றாக்குறைக்குப் பெரிய காரணம் என்பதும் அவர் கருத்து. கிளிநொச்சிக்கும் இது பொருந்தும். கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் இல்லையென்று நாங்கள் ஒவ்வொரு வருடமும் ஆள் கேட்கிறோம். வந்த ஆளுக்கு எல்லாரும் ஒதுக்கிவிட்ட வகுப்பையும் யாரும் வேண்டாத பொறுப்பையும் கொடுக்கிறோம். அந்தப் பழக்கத்தை நிறுத்துங்கள். கஷ்டப் பிரதேசச் சேவைக்காலம் முடித்தவருக்கு இடமாற்றத்தை நேர்மையாகக் கொடுங்கள். செல்வாக்குள்ளவர் ஆறு மாதத்தில் போக, இல்லாதவர் ஒன்பது வருடம் கிடந்தால் புதிதாக வருபவர் எதைக் கற்றுக்கொள்வார்? அடுத்த நியமனப் பட்டியல் வருமுன் ஒவ்வொரு பாடசாலையிலும் பூட்டக்கூடிய, தண்ணீர் உள்ள விடுதி அறை எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். இல்லாத இடத்தில் முதலில் அதைக் கட்டுங்கள்.