சேற்றுக்குள் காத்திருக்கும் மீன்குலம்

உறங்குநிலை என்றதும் எமக்கு வித்துகளே நினைவுக்கு வரும். மாதக்கணக்கில் மூட்டையில் கிடந்த நெல், ஈரம் பட்டதும் முளைக்கிறது. ஒரு மீனின் முட்டையும் அவ்வாறு வற்றிய குளத்தின் மண்ணுக்குள் காத்திருக்கும் என்றால் நம்புவீர்களா?

தென்னமெரிக்காவில் அத்தகைய மீன்கள் வாழ்கின்றன. கில்லி மீன்கள் என்னும் பெரிய கூட்டத்தில் ஒரு பிரிவான இவற்றை 'ஆண்டு மீன்கள்' என்பர். பெயரைக் கேட்டு, ஆங்கிலத்தில் கொல்லுதல் எனப் பொருள் கொள்ள வேண்டாம். ஒல்லாந்து மொழியில் 'கில்' என்றால் சிற்றோடை. அதிலிருந்தே இப்பெயர் வந்ததாகக் கூறுவர்.

ஆர்ஜென்டீனாவின் முத்துமீனை உதாரணமாக எடுப்போம். விரல் நீளமே உள்ள சிறிய மீன் இது. ஆண் மீனின் நீல உடலில் முத்துப் பதித்தாற்போல் வெளிர் புள்ளிகள் இருக்கும். புல்வெளிப் பள்ளங்களில் மழைநீர் தேங்கியதும் குஞ்சுகள் பொரிக்கின்றன. சில வாரங்களில் வளர்ந்து, சோடியாகச் சேற்றுக்குள் புகுந்து முட்டையிடுகின்றன. கோடையில் நீர் வற்றும்போது பெரிய மீன்கள் அனைத்தும் இறந்துவிடும். அதன்பின் அந்த இனம் அவ்விடத்தில் முட்டைகளாக மட்டுமே இருக்கிறது.

அம்முட்டைகளுக்குள் இருக்கும் முளையம் தன் வளர்ச்சியை இடைநிறுத்திக்கொள்ளும். இந்நிறுத்தம் மூன்று கட்டங்களில் நிகழலாம் என்பதை 1972இல் வூர்ம்ஸ் என்னும் ஆய்வாளர் விளக்கினார். முதலாவது, உடலின் அச்சு உருவாகும் முன்னர். இரண்டாவது, இதயம் தோன்றிய பின்னர். மூன்றாவது, குஞ்சு முழுமையடைந்து பொரிக்கத் தயாரான வேளையில். இக்காலத்தில் அநுசேபம் மிகவும் குறைந்துவிடும். வெனிசுவேலாவில் வாழும் ஓர் ஆண்டு மீனின் முளையங்கள், ஒட்சிசன் சிறிதும் இல்லாமல் 60 நாட்களுக்கும் மேலாக உயிரோடிருந்ததை ஆய்வுகூடத்தில் கண்டுள்ளனர்.

இதிலும் வியப்பானது ஒன்றுண்டு. முட்டைகள் எல்லாம் ஒரே நேரத்தில் விழிப்பதில்லை. முதல் மழை பெய்து உடனே வெயில் எறித்தால், பொரித்த குஞ்சுகள் மடிந்துவிடும். ஆனால் விழிக்காத முட்டைகள் அடுத்த மழைக்காக மண்ணில் மிஞ்சியிருக்கும். நெல் முழுவதையும் ஒரே நாளில் விதைத்துவிடாமல் கொஞ்சம் எடுத்துவைக்கும் விவசாயியைப் போன்றது இது.

கில்லி மீன்கள் எமது நாட்டிலும் உள்ளன. அவற்றுள் ஒன்றான டேயின் கில்லி, இலங்கையில் மட்டுமே வாழும் மீன். தென்மேற்கு ஈரவலயத்தின் நிழலான ஓடைகளில் இது காணப்படுகிறது. ஒஸ்திரிய விலங்கியலாளர் ஸ்டெயின்டாக்னர் 1881இல் ஆர்ஜென்டீனா முத்துமீனையும், 1892இல் இந்த இலங்கை மீனையும் விஞ்ஞான உலகுக்கு அறிமுகப்படுத்தினார். எமது மீனோ ஆண்டு மீன் அல்ல. வற்றாத நீரில் வாழ்வதால் அதற்கு இந்தக் காத்திருப்புத் தேவைப்படவில்லை.

தேவைப்பட்ட மீன்கள்தான் இன்று ஆபத்தில் உள்ளன. பிரேசிலில் அழியும் அபாயமுள்ள மீன்களின் பட்டியலில் கணிசமானவை இக்குடும்பத்தைச் சேர்ந்தவை. கோடையில் அந்தப் பள்ளங்களைப் பார்ப்பவருக்கு அவை வெறும் நிலமாகவே தெரியும். உழுதாலோ, மண்ணிட்டு நிரப்பிக் கட்டடம் எழுப்பினாலோ, அங்குள்ள சந்ததி முழுவதும் அழிந்துவிடும். ஆற்று மீனாவது வேறிடம் செல்லலாம். முட்டை எங்கே செல்லும்?

இதைப் படித்தபோது ஹேவாஹெட்டயில் எங்கள் வீட்டுக்குக் கீழே, வயலோரம் இருந்த பள்ளம் நினைவுக்கு வந்தது. கடந்த வருடம் வெயில் காலத்தில் அதை மண் கொட்டி நிரப்பினார்கள். இனிச் சேறு மிதிக்காமல் பாடசாலைக்குப் போகலாம் என்று நானும் மகிழ்ந்தேன். உம்மம்மா மட்டும், "மழைக்கு அங்க தவளை கத்துமே மகள், இனி அதுகள் எங்க போகும்?" என்று கேட்டார். நான் சிரித்துவிட்டேன். மழை வந்தது. அவ்விடத்திலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

அங்கே என்னென்ன உயிர்கள் இருந்தன என்று நிரப்பும் முன் ஒருவரும் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. அன்பு மாணவிகளே, பெற்றோரே, வற்றிய இடமெல்லாம் வெற்றிடம் அல்ல. மண் கொட்டும் முன், மழைக்காலத்தில் ஒருமுறை அங்கே சென்று பார்ப்போம்.