தனியுரிமையும் பாதுகாப்பே

இராமேசுவரம், பாம்பன், மண்டபம் முதலிய கடலோர ஊர்களிலிருந்து வெளியூர்க் கல்லூரிகளில் சேரும் மாணவர்கள், தம் பெயர், முகவரி, கைப்பேசி எண் ஆகியவற்றை நம்பிக்கையுடன் அளிக்கின்றனர். அந்நம்பிக்கைக்குச் சட்டத்தின் துணை உண்டு. தனியுரிமை அடிப்படை உரிமையே என 2017 ஆகஸ்டு 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு ஒருமனதாகத் தீர்ப்பளித்தது.

2024 டிசம்பரில் சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் மாணவி ஒருவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். துணிந்து காவல்துறையில் புகார் அளித்தார். ஆனால், அவரை அடையாளம் காட்டும் விவரங்கள் அடங்கிய முதல் தகவல் அறிக்கை பொதுவெளியில் கசிந்தது. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது சட்டப்படி குற்றமாகும். மாணவிக்கு 25 இலட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்குமாறு சென்னை உயர் நீதிமன்றம் மாநில அரசுக்கு ஆணையிட்டது; பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் மூவரைக் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவையும் அமைத்தது. 2025 ஜூனில் குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

மதிலும் விளக்கும் கண்காணிப்புக் கருவியும் வளாகத்திற்குத் தேவையே. எனினும், அவை மட்டும் போதா. புகார் அளித்தால் தம் பெயர் ஊரறியப் பரவும் என அஞ்சுவோர் வாய் திறவார். அந்த மௌனமே குற்றம் புரிவோர்க்கு அரணாகும். எனவே, புகார் அளிப்பவரின் அடையாளத்தைக் காப்பது வளாகப் பாதுகாப்பின் முதற்கூறு. கசிந்த தகவல் நம் கைப்பேசிக்கு வரினும் பிறர்க்கு அனுப்பாதிருத்தல் நம் கடமை.

சிந்திக்க: உம் பள்ளியில் புகார் அளிப்பவரின் பெயரைக் காக்க என்னென்ன வழிமுறைகள் வேண்டும்?